பெல் தேற்றமும் மெய்ம்மை பற்றிய கேள்வியும்

பெல் தேற்றம் என்பது ஜான் ஸ்டூவர்ட் பெல் என்ற இயற்பியலாளர் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கணித முடிவு ஆகும். ஒரு பொருளை அளந்து பார்ப்பதற்கு முன்பே அதற்குத் திட்டமான பண்புகள் இருக்கின்றன என்பது மனிதரின் இயல்பான நம்பிக்கை. ஓரிடத்தில் செய்யும் செயல், தொலைவில் உள்ள இன்னோர் இடத்தை அதே கணத்தில் பாதிக்காது என்பது மற்றொரு நம்பிக்கை. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு குவாண்டம் இயற்பியலின் எல்லாக் கணிப்புகளையும் பெற முடியாது என்று பெல் தேற்றம் காட்டுகிறது. 1972 முதல் நடத்தப்பட்ட சோதனைகள் குவாண்டம் இயற்பியலின் பக்கமே தீர்ப்பளித்துள்ளன.

நாம் பார்க்காதபோதும் உலகம் நாம் நினைக்கும் வடிவத்திலேயே இருக்கிறதா என்பது மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. வாதத்தால் மட்டுமே அணுகப்பட்ட அக்கேள்வியின் ஒரு பகுதியை ஆய்வுக்கூடத்தில் எண்களால் சோதிக்கலாம் என்று காட்டியதே இத்தேற்றத்தின் சிறப்பு.

பழைய இயற்பியல் தந்த உலகப் படம்

நியூட்டனின் பிரின்சிபியா 1687இல் வெளிவந்தது. அதன் விதிகளின்படி, ஒரு பொருள் இப்போது எங்கே உள்ளது, எவ்வளவு வேகத்தில் செல்கிறது, அதன்மீது எந்த விசைகள் செயல்படுகின்றன என்பவை தெரிந்தால் அதன் எதிர்கால நிலையைக் கணக்கிட்டுவிடலாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். உலகின் எல்லாத் துகள்களின் நிலையையும் எல்லா விசைகளையும் ஒரே கணத்தில் அறிந்த பேரறிவு ஒன்று இருந்தால், அதற்குக் கடந்த காலமும் எதிர்காலமும் ஒன்றுபோலத் தெரியும் என்று 1814இல் அவர் எழுதினார். இது நியதிவாதம் எனப்படும்.

இந்தப் படத்தில் தற்செயல் என்று உண்மையில் எதுவும் இல்லை. சுண்டிவிட்ட நாணயம் பூவா தலையா என்று சொல்ல முடியாததற்குக் காரணம் நமது அறியாமைதான். விரலின் வேகமும் காற்றின் அசைவும் துல்லியமாகத் தெரிந்திருந்தால் விடையும் தெரிந்திருக்கும். நிகழ்தகவு மனிதரின் அறியாமையை அளக்கும் கோல். உலகின் இயல்பு அன்று.

நியூட்டனின் ஈர்ப்பு விதியில் ஓர் உறுத்தல் இருந்தது. சூரியன் இடையில் எந்த ஊடகமும் இன்றிப் பூமியை உடனடியாக ஈர்க்கிறது என்று அது சொன்னது. நியூட்டனுக்கே இது உவப்பாக இல்லை. பின்னர் ஃபாரடேயும் மேக்ஸ்வெல்லும் மின்காந்தப் புலம் என்ற கருத்தை உருவாக்கினர். விளைவுகள் புலத்தின் வழியே புள்ளி புள்ளியாகப் பரவுகின்றன என்றாயிற்று. ஐன்ஸ்டைனின் 1905, 1915ஆம் ஆண்டுக் கோட்பாடுகள் ஈர்ப்பு உட்பட எந்த விளைவும் ஒளியின் வேகத்தைத் தாண்டிப் பரவாது என்று வகுத்தன. அண்மையில் உள்ளதே அண்மையில் உள்ளதைப் பாதிக்கும் என்ற இக்கொள்கை இடவயமை எனப்படுகிறது.

குவாண்டம் இயற்பியல் கொண்டுவந்த இடர்

1900இல் மாக்ஸ் பிளாங்க் தொடங்கிவைத்த குவாண்டம் கருத்து, 1925–26இல் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் முதலியோரால் முழுமையான கோட்பாடாயிற்று. ஷ்ரோடிங்கரின் சமன்பாடு அலைச்சார்பு என்ற ஒன்றைக் கணக்கிடுகிறது. அந்த அலைச்சார்பு எதைக் குறிக்கிறது என்பதற்கு 1926இல் மாக்ஸ் போர்ன் விடை கூறினார்: ஒரு துகளை அளந்தால் அது எங்கே கிடைக்கும் என்பதற்கான நிகழ்தகவையே அது தருகிறது.

இங்கே நிகழ்தகவின் பொருள் மாறுகிறது. ரேடியம்-226 என்ற கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். அதாவது ஒரு கிராம் ரேடியத்தில் உள்ள அணுக்களில் பாதி அக்காலத்தில் சிதைந்துவிடும். அருகருகே உள்ள இரண்டு ரேடியம் அணுக்களில் ஒன்று இந்த நொடியில் சிதையலாம். மற்றொன்று ஐயாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அப்படியே இருக்கலாம். சிதைவதற்கு முன் அவ்விரண்டுக்கும் இடையே குவாண்டம் கோட்பாட்டில் எந்த வேறுபாடும் இல்லை. ஒன்று முதிர்ந்தது, மற்றொன்று இளையது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாணயத்தைச் சுண்டும்போது இருந்த மறைவான காரணம் இங்கே காட்டப்படவில்லை.

1927இல் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கொள்கையை வெளியிட்டார். ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒரே சமயத்தில் விரும்பிய அளவு துல்லியமாக அறிய முடியாது என்பது இதன் சாரம். கருவிகள் போதிய நுட்பம் உடையவை அல்ல என்பது இதன் பொருளன்று. இரண்டுக்கும் ஒருசேரத் துல்லியமான மதிப்பைத் தரும் குவாண்டம் நிலையே கோட்பாட்டில் கிடையாது.

இங்கேதான் மெய்யியல் கேள்வி எழுகிறது. அத்தகைய மதிப்புகள் உலகிலேயே இல்லையா, அல்லது இருந்தும் குவாண்டம் கோட்பாடு அவற்றைக் காணத் தவறுகிறதா?

ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும்

டென்மார்க்கின் நீல்ஸ் போர் முதல் விடையின் பக்கம் நின்றார். அளவீடு என்பது கருவியும் பொருளும் சேர்ந்த ஒரு முழுமை. கருவியைப் பற்றிப் பேசாமல் துகளின் பண்பைப் பற்றி மட்டும் பேசுவதில் பொருளில்லை என்பது அவரது நிலைப்பாடு. ஐன்ஸ்டைன் இரண்டாவது விடையின் பக்கம் நின்றார். பிரசல்ஸில் 1927, 1930ஆம் ஆண்டுகளில் நடந்த சால்வே மாநாடுகளில் இருவரும் மோதினர். நிச்சயமின்மைக் கொள்கையை மீறும் கற்பனைச் சோதனைகளை ஐன்ஸ்டைன் முன்வைப்பார். அவற்றில் உள்ள ஓட்டையை நீல்ஸ் போர் காட்டுவார். 1930இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த ஒளிப்பெட்டிச் சோதனைக்கு, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டைக் கொண்டே நீல்ஸ் போர் மறுமொழி கூறினார்.

கடவுள் பகடை ஆடுவதில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் சொன்னது பரவலாக அறியப்பட்டது. அதனால் தற்செயலை ஏற்க மனமில்லாத முதியவர் என்றே அவர் பலமுறை சித்திரிக்கப்படுகிறார். இது பாதி உண்மையே. மனிதர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நிலைபெற்ற ஒரு மெய்ம்மை உண்டா என்பதும், அதன் பகுதிகள் தனித்தனியே இயங்குகின்றனவா என்பதும் அவரை அதைவிட ஆழமாக வருத்திய கேள்விகள். 1930 ஜூலை 14 அன்று பெர்லின் அருகே காபுத் என்ற ஊரிலுள்ள தம் வீட்டில் இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தபோதும் உரையாடல் இதையே சுற்றி வந்தது. உண்மை என்பது மனித மனத்தோடு பிணைந்தது என்று தாகூர் வாதிட்டார். மனிதர் இல்லாவிட்டாலும் உண்மை உண்மைதான் என்பதை நிறுவ இயலாது எனினும், தாம் அதையே நம்புவதாக ஐன்ஸ்டைன் கூறினார்.

1935ஆம் ஆண்டுக் கட்டுரை

1935 மே மாதம் ஐன்ஸ்டைன், போரிஸ் பொடோல்ஸ்கி, நாதன் ரோசன் ஆகிய மூவரும் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை பிசிக்கல் ரிவியூ இதழில் வெளிவந்தது. மூவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது இ.பி.ஆர். வாதம் எனப்படுகிறது.

வாதம் எளிமையானது. இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தபின் வெவ்வேறு திசையில் வெகுதூரம் பிரிந்து செல்கின்றன. குவாண்டம் கோட்பாட்டின்படி, முதல் துகளை அளந்தால் கிடைக்கும் விடையிலிருந்து இரண்டாம் துகளின் விடையை உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டாவதை யாரும் தொடவில்லை. தொடாமலேயே உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த விடை ஏற்கனவே அதனிடம் இருந்திருக்க வேண்டும். குவாண்டம் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே அக்கோட்பாடு தவறானதல்ல, ஆனால் முழுமையற்றது.

ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து இரண்டு பெட்டிகளில் போட்டு இரண்டு ஊர்களுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஓர் ஊரில் பெட்டியைத் திறந்து இடதுகால் செருப்பைக் கண்டவர், மற்ற ஊரில் இருப்பது வலதுகால் செருப்பு என்று அக்கணமே அறிந்துகொள்கிறார். இதில் வியப்பு எதுவும் இல்லை. எந்தப் பெட்டியில் எது என்பது அனுப்பும்போதே தீர்மானமாகிவிட்டது. துகள்களின் கதையும் இதுவே என்பது ஐன்ஸ்டைனின் எண்ணம். இவ்வாறு துகளோடு கூடவே செல்வதாகக் கருதப்படும், கோட்பாட்டில் இல்லாத தகவல்கள் மறைமாறிகள் எனப்படும்.

அதே ஆண்டில் ஷ்ரோடிங்கர் இந்தப் பிணைப்புக்குப் பின்னல் என்ற பொருள்படும் பெயரிட்டார். உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை என்ற நிலையிலுள்ள பூனையின் புகழ்பெற்ற உவமையும் அந்த ஆண்டின் கட்டுரையில் வந்ததே. பூனை அப்படி இருக்கும் என்று சொல்ல அவர் அதை எழுதவில்லை. குவாண்டம் விதிகளை அன்றாடப் பொருள்களுக்கு அப்படியே நீட்டினால் எத்தகைய அபத்தத்தில் முடியும் என்று காட்டவே எழுதினார்.

மூடப்பட்டதாகக் கருதப்பட்ட கேள்வி

அப்போதைய இயற்பியலாளர் பலர் இவ்விவாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கணித மேதை ஜான் வான் நியூமன் 1932இல் வெளியிட்ட நூலில் மறைமாறிகளுக்கு இடமில்லை என்று ஒரு நிறுவலைத் தந்திருந்தார். அவர் சொன்னபின் கேள்வி முடிந்ததாகவே கருதப்பட்டது.

அந்த நிறுவலில் உள்ள குறையை 1935இலேயே ஒருவர் சுட்டிக்காட்டினார். கிரேட்டே ஹெர்மன் என்ற ஜெர்மானியப் பெண், கணிதவியலாளர் எம்மி நோதரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். காரண காரியத் தொடர்பு இல்லாமல் அறிவே சாத்தியமில்லை என்ற கான்ட்டின் மெய்யியலில் ஊன்றி நின்றவர். இதைப் பற்றி ஹைசன்பர்க்கோடு நேரில் வாதிட லைப்சிக் நகருக்கே சென்றார். நியூமனின் நிறுவலில் உள்ள ஓர் எடுகோளுக்கு நியாயம் இல்லை என்றும், நிறுவ வேண்டியதையே அது முன்கூட்டி ஏற்றுக்கொள்கிறது என்றும் அவர் எழுதினார். இயற்பியலாளர்கள் அதிகம் படிக்காத மெய்யியல் இதழில் வந்த அக்கட்டுரை பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமலே கிடந்தது.

1952இல் டேவிட் போம் என்பவர் மறைமாறிகள் கொண்ட ஒரு கோட்பாட்டையே உருவாக்கிக் காட்டினார். அதில் துகள்களுக்கு எப்போதும் திட்டமான இருப்பிடம் உண்டு. அலை அவற்றை வழிநடத்துகிறது. கணிப்புகள் வழக்கமான குவாண்டம் கோட்பாட்டோடு ஒத்துப்போயின. இருக்க முடியாது என்று நிறுவப்பட்ட ஒன்று கண்முன்னே இருந்தது. ஆனால் அதில் ஒரு துகளின் இயக்கம், எவ்வளவு தொலைவில் இருப்பினும் மற்றத் துகள்களின் நிலையை உடனடியாகச் சார்ந்திருந்தது. இடவயமை அங்கே மீறப்பட்டது.

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் ஜான் பெல். 1928இல் பெல்ஃபாஸ்ட் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து பின்னர் அங்கேயே மாணவரானவர். 1960 முதல் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுமையத்தில் பணியாற்றினார். துகள் இயற்பியலும் துகள் முடுக்கிகளுமே அங்கே அவரது வேலை. குவாண்டம் அடிப்படைகள் பற்றிய ஆய்வு அவரது சொந்த ஆர்வம். போமின் கோட்பாட்டில் இருந்த தொலைவினை தவிர்க்கக்கூடியதா, அல்லது எந்த மறைமாறிக் கோட்பாட்டிலும் அது வந்தே தீருமா என்று அவர் கேட்டார்.

பெல்லின் வாதம்

பெல்லின் முடிவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

அக்கா, தங்கை இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்துகிறார்கள். அறைகளுக்கு இடையே எந்தத் தொடர்பும் இல்லை. ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆசிரியர், மூன்று கேள்விகளில் ஏதேனும் ஒன்றைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து கேட்கிறார். விடை ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே இருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் சகோதரிகள் சந்தித்துப் பேசிக்கொள்ளலாம்; பிறகு அடுத்த சுற்று. இவ்வாறு ஆயிரக்கணக்கான சுற்றுகள் நடக்கின்றன.

முடிவில் ஆசிரியர்கள் தம் குறிப்புகளை ஒப்பிடுகிறார்கள். இருவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்ட சுற்றுகளில் விடைகள் ஒருமுறைகூடத் தவறாமல் ஒத்துப்போகின்றன. இதற்கு ஒரு விளக்கம்தான் தோன்றும்: ஒவ்வொரு சுற்றுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கும் உரிய விடைகளைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். செருப்பு ஜோடியின் கதை இதுவே. ஐன்ஸ்டைனின் மறைமாறியும் இதுவே.

அப்படியானால் வெவ்வேறு கேள்விகள் கேட்கப்பட்ட சுற்றுகளில் என்ன நடக்க வேண்டும்? கேள்விகள் மூன்று, விடைகளோ ஆம், இல்லை என இரண்டே வகை. எனவே எந்தப் பட்டியலை எடுத்தாலும் குறைந்தது இரண்டு கேள்விகளுக்கு ஒரே விடை இருந்தே தீரும். மூன்று கேள்விகளில் இருந்து முதலும் இரண்டும், முதலும் மூன்றும், இரண்டும் மூன்றும் என மூன்று இணைகளை எடுக்கலாம். அவற்றில் ஓர் இணையிலாவது விடைகள் ஒத்திருக்கும். மூன்று விடைகளும் ஒன்றாக இருந்தால் மூன்று இணைகளுமே ஒத்திருக்கும். ஆகவே வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படும்போது விடைகள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுற்றுகளில் ஒத்துப்போக வேண்டும். பட்டியலைச் சுற்றுக்குச் சுற்று எப்படி மாற்றினாலும் இந்த அளவுக்குக் கீழே போக முடியாது.

இப்போது சகோதரிகளுக்குப் பதிலாகப் பின்னப்பட்ட இரண்டு ஒளித்துகள்களை வைப்போம். மூன்று கேள்விகளுக்குப் பதில், ஒளியை அதன் அதிர்வுத் திசையைப் பொறுத்து வடிகட்டும் தகட்டை 0, 60, 120 பாகைகளில் ஒன்றில் திருப்பி வைப்போம். துகள் தகட்டைக் கடந்தால் ஆம், தடுக்கப்பட்டால் இல்லை. இரு தகடுகளும் ஒரே கோணத்தில் இருந்தால் விடைகள் எப்போதும் ஒத்துப்போகும் என்று குவாண்டம் கோட்பாடு கூறுகிறது. கோணங்கள் வேறுபட்டால் நான்கில் ஒரு பங்கு முறைதான் ஒத்துப்போகும் என்கிறது.

நான்கில் ஒன்று என்பது மூன்றில் ஒன்றைவிடச் சிறியது. இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முன்கூட்டியே எழுதப்பட்ட விடைப்பட்டியல் எதுவும் இந்த எண்ணைத் தர இயலாது. மறைமாறி எவ்வளவு சிக்கலானதாயினும், இன்னும் கண்டுபிடிக்கப்படாததாயினும், வாதத்தின் முடிவு மாறாது.

பெல் இதைச் சில ஆண்டுகளே வெளிவந்து நின்றுபோன ஓர் இதழில் 1964இல் வெளியிட்டார். நியூமனின் நிறுவலில் உள்ள குறையை விளக்கும் அவரது மற்றொரு கட்டுரை அதற்கு முன்பே எழுதப்பட்டும் 1966இல்தான் அச்சாயிற்று. கிரேட்டே ஹெர்மன் கண்டதை, அவரது கட்டுரையை அறியாமலே பெல் மீண்டும் கண்டிருந்தார்.

சோதனைகள்

சோதனைக்கூடத்தில் பயன்படுத்தத்தக்க வடிவத்தை ஜான் கிளாசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வர் 1969இல் தந்தனர். அதன்படி ஒரு குறிப்பிட்ட அளவு, மறைமாறிகளும் இடவயமையும் உண்மையானால் 2ஐத் தாண்டாது. குவாண்டம் கோட்பாட்டின்படி அது சுமார் 2.83 வரை போகலாம்.

1972: கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் கால்சியம் அணுக்களில் இருந்து வரும் ஒளித்துகள்களைக் கொண்டு முதல் சோதனையை நடத்தினர். குவாண்டம் கோட்பாடு தோற்கும் என்று கிளாசர் எதிர்பார்த்திருந்தார். அது வென்றது. இத்தகைய அடிப்படைக் கேள்விகளில் இறங்குவது இளம் ஆய்வாளரின் எதிர்காலத்தைக் கெடுக்கும் என்று கருதப்பட்ட காலம் அது.

1982: பாரிஸ் அருகே ஓர்சேயில் அலென் அஸ்பே குழுவினர், ஒளித்துகள்கள் புறப்பட்டபின் அளவிடும் கோணம் மாறும்படி சோதனையை அமைத்தனர். ஒரு பக்கத்து அமைப்பை மறுபக்கம் முன்பே அறிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது விடையளித்தது.

1998: இன்ஸ்புருக்கில் அன்டன் செய்லிங்கர் குழுவினர் 400 மீட்டர் இடைவெளியில், தற்செயலாகத் தேர்ந்த அமைப்புகளோடு சோதித்தனர்.

2015: நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைரப் படிகங்களுக்குள் இருந்த எலக்ட்ரான்களைக் கொண்டு, முன்னைய சோதனைகளின் முக்கிய ஓட்டைகள் இரண்டும் ஒருசேர அடைக்கப்பட்டன. கிடைத்த அளவு 2.42. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் நடந்த சோதனைகளும் இதையே உறுதிசெய்தன.

2022ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அஸ்பே, கிளாசர், செய்லிங்கர் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. பெல் 1990இல் தம் 62ஆம் வயதிலேயே காலமாகிவிட்டார்.

எதைக் கைவிடுவது?

சோதனை முடிவுகளில் இப்போது ஐயம் இல்லை. அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பெல்லின் வாதம் சில எடுகோள்களின்மேல் நிற்கிறது. அவற்றுள் ஒன்றையாவது கைவிட வேண்டும். எதை என்பதை ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறாகத் தேர்கிறது.

முன்னிருக்கும் விடைகளைக் கைவிடுவது: நீல்ஸ் போரின் வழிவந்தவர்கள் இதைத் தேர்கிறார்கள். அளவீடு, இருந்ததை வெளிப்படுத்துவதில்லை. விடை அளவீட்டில்தான் உருவாகிறது. குவாண்டம் நிலை என்பது உலகின் படம் அன்று, அளப்பவரின் எதிர்பார்ப்புகளின் தொகுப்பே என்று கொள்ளும் அண்மைக்காலத் தரப்பும் இதற்கு நெருக்கமானது. ஆனால் எது அளவீடு, எது அளவீடு அன்று என்பதற்குக் கூர்மையான எல்லை தரப்படவில்லை என்பது இதன்மீதான குறை. பெல்லும் இக்குறையைக் கடுமையாகச் சுட்டிவந்தார்.

இடவயமையைக் கைவிடுவது: போமின் கோட்பாடு இதைச் செய்கிறது. துகள்கள் எப்போதும் எங்கோ இருக்கின்றன; ஆனால் உலகம் தொலைவைப் பொருட்படுத்தாமல் பிணைந்துள்ளது. இதைச் சார்பியல் கோட்பாட்டோடு இசைவிப்பது கடினம்.

ஒரே விடை என்பதைக் கைவிடுவது: ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த கருத்து. அளவீட்டில் சாத்தியமான எல்லா விடைகளும் நிகழ்கின்றன. ஒவ்வொன்றும் உலகின் வெவ்வேறு கிளையில். கணிதம் எளிமையாகிறது, அதற்கு ஈடாக எண்ணற்ற உலகக் கிளைகளை ஏற்க வேண்டியிருக்கிறது. எல்லாமே நிகழ்கிறது என்றால் நிகழ்தகவுக்கு என்ன பொருள் என்ற கேள்வியும் எழுகிறது.

தேர்வின் சுதந்திரத்தைக் கைவிடுவது: எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற தேர்வும் துகள்களின் நிலையும் தனித்தனியானவை என்பது பெல்லின் எடுகோள். பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே இரண்டும் பிணைந்திருந்தால் வாதம் செல்லாது. இது மீநியதிவாதம் எனப்படும். 2018இல் வெளியான ஒரு சோதனையில், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட குவேசார்களின் ஒளியைக் கொண்டு கோணங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்படியொரு சதி இருக்குமானால் அது அத்தனை காலத்துக்கு முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும். இவ்வெடுகோளைக் கைவிட்டால் எந்த அறிவியல் சோதனையையும் நம்ப முடியாது என்பது எதிர்ப்பாளர் வாதம்.

ஒளியை விஞ்சும் செய்தி சாத்தியமா?

பின்னலைப் பயன்படுத்தி ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்ப முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பவர் காண்பது சம வாய்ப்புள்ள ஆம்களும் இல்லைகளும் கலந்த ஒரு தற்செயல் வரிசையையே. மறுபக்கத்தில் தகட்டை எப்படித் திருப்பினாலும் அந்த வரிசையின் தன்மை மாறுவதில்லை. இரண்டு வரிசைகளையும் வழக்கமான முறையில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடும்போதே பிணைப்பு தெரிகிறது.

சார்பியல் கோட்பாட்டின்படி, தொலைவில் உள்ள இரு அளவீடுகளில் எது முந்தியது என்பதே பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து மாறலாம். எனவே ஒன்று காரணம், மற்றது காரியம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இரண்டுக்கும் பொதுவான கடந்தகாலக் காரணமும் இல்லை. ஒன்று மற்றொன்றின் காரணமும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒத்துப்போகின்றன. காரண காரியம் பற்றிய வழக்கமான சிந்தனை இங்கே தடுமாறுகிறது.

விதியும் விருப்பமும்

லாப்லாஸின் பேரறிவு குவாண்டம் உலகில் தோற்றுவிட்டதால் மனிதரின் சுதந்திரம் நிறுவப்பட்டுவிட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. இது பொருந்தாத முடிவு. ரேடியம் அணு சிதைவது தற்செயல்; அதில் விருப்பம் எதுவும் இல்லை. ஒருவரது முடிவு தற்செயலான அணுச் சிதைவால் ஏற்பட்டது என்றால், முன்னமே விதிக்கப்பட்ட முடிவைவிட அது எவ்வகையிலும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. மேலும் போமின் கோட்பாடும் எவரெட்டின் கோட்பாடும் நியதிவாதக் கோட்பாடுகளே. ஆகவே நியதிவாதம் ஒழிந்தது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. இயற்பியல் இங்கே பழைய வாதங்கள் சிலவற்றின் அடித்தளத்தை அகற்றுகிறது. அவற்றுக்கு மாற்றாக ஒரு விடையைத் தருவதில்லை.

பொதுவான தவறான புரிதல்கள்

மனித உணர்வுதான் உலகை உருவாக்குகிறது என்று பெல் தேற்றம் நிறுவுவதாகக் கூறப்படுவது உண்டு. தேற்றத்தில் உணர்வு என்ற சொல்லுக்கே இடமில்லை. சோதனைகளில் அளப்பவை கருவிகள். விடைகளைப் பதிபவை கணினிகள்.

குவாண்டம் இயற்பியல் கீழைநாட்டு மெய்யியலை உறுதிசெய்துவிட்டது என்பதும் பரவலான கூற்று. ஷ்ரோடிங்கருக்கு வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது உண்மை. 1975இல் ஃபிரிட்யோஃப் காப்ரா எழுதிய நூல் நடராசரின் ஆடலையும் துகள்களின் ஆடலையும் ஒப்பிட்டது. பெல் பணியாற்றிய செர்ன் வளாகத்தில் இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த நடராசர் சிலை 2004இல் நிறுவப்பட்டது. இவை கவித்துவமான ஒப்புமைகள். ஓர் ஒப்புமை சான்றாகிவிடாது. எல்லாம் ஒன்றே என்ற மெய்யியல் கூற்று, மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா என்று கணித்துச் சொல்வதில்லை. பெல்லின் வாதத்துக்கு வலிமை தருவதோ அந்த எண்தான்.

முக்கியத்துவம்

பயனற்ற மெய்யியல் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இக்கேள்வியிலிருந்து தொழில்நுட்பமும் பிறந்தது. பெல்லின் எல்லை மீறப்படுகிறதா என்று சோதித்து, ஒட்டுக்கேட்பவர் எவரேனும் உண்டா என்று கண்டறியும் மறைகுறி முறையை ஆர்டர் எக்கெர்ட் 1991இல் முன்மொழிந்தார். 2017இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 1200 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்குப் பின்னப்பட்ட ஒளித்துகள்களை அனுப்பியது.

மெய்யியலில் இத்தேற்றத்தின் பயன் வேறு வகையானது. உலகம் எப்படிப்பட்டது என்று அது சொல்லவில்லை. எப்படிப்பட்டதாக இருக்க முடியாது என்று சொல்கிறது. தனித்தனிப் பொருள்கள், ஒவ்வொன்றும் தன் பண்புகளைத் தன்னோடு சுமந்து, அருகில் உள்ளதை மட்டுமே பாதித்து இயங்கும் உலகம் என்ற படம் ஐன்ஸ்டைனுக்கு மிக நெருக்கமானது. பெரும்பாலான மனிதருக்கும் அதுவே இயல்பானது. அப்படத்தை முழுதாகக் காப்பாற்ற வேண்டுமானால் மீநியதிவாதம் போன்றதொரு பெரிய விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 1935இல் ஐன்ஸ்டைன் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டிருக்காவிட்டால், அந்தப் படத்துக்கு எதிரான சான்று கிடைத்திருக்க வழியே இல்லை.